எந்த ஊர் எட்டு மணி

இறந்தவர்களுக்கு ஒரு ஆப் செய்யலாம் என்பது ஹர்ஷவர்தனின் யோசனை. உயிரோடு இருப்பவர்களுக்கு ஏற்கெனவே நிறைய ஆப் இருக்கிறது, போட்டி அதிகம் என்று காரணமும் சொன்னான். புராஜெக்ட்டுக்குத் தலைப்பு கொடுக்க மறுநாள்தான் கடைசி நாள். எனக்கு வேறு யோசனையே இல்லாததால் இது நல்ல யோசனையாகத் தெரிந்தது.

ஹர்ஷாவின் அப்பா முரளீதரன் சின்ன காஞ்சிபுரத்தில் வாத்தியார். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. சிராத்தம் செய்து வைக்கிற வாத்தியார். அவரை நம்பி இருக்கும் குடும்பங்களில் பாதி கோயிலைச் சுற்றி இருக்கிறது, மீதி மஸ்கட், மெல்போர்ன், நியூஜெர்சி என்று கோயிலைச் சுற்றாமல் இருக்கிறது. ஒருவர் எந்தத் திதியில் போனாரோ, வருடா வருடம் அதே மாதம், அதே திதியில் அவர் வீட்டுக்குச் சாப்பிட வருவார் என்பது ஏற்பாடு. திதி நிலாவின் கணக்கு. நடுப்பகலில் மாறும், விடியற்காலையில் மாறும், இங்கிலீஷ் காலண்டரை மதிக்காது. அதனால் பிள்ளைகள் மறந்துபோகிறார்கள். ஞாபகப்படுத்தத்தான் ஆப். பெயர் ‘பித்ரு கனெக்ட்’. பெயருக்கு நான் பொறுப்பில்லை.

நான் குரு, ஊர் தாமல். எங்கள் வீட்டில் திதியெல்லாம் பார்ப்பதில்லை. ஆடி அமாவாசை வந்தால் போனவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே படையல். அவரவருக்குப் பிடித்ததை ஒரே இலையில் வைத்துவிடுவோம், அவர்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

“குடுத்து வெச்சவங்கடா நீங்க,” என்றான் ஹர்ஷா. “ஒரே டிஃபால்ட்.”

கல்லூரியில் எங்கள் கைடு சங்கீதா மேடம் தலைப்பைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.

“யூனிக்காதான் இருக்கு. எண்ட் யூசர் யாருப்பா?”

“பசங்க மேடம். திதி பண்றவங்க,” என்றான் ஹர்ஷா.

“சாப்பிட வர்றவருதான் மேடம்,” என்றேன் நான்.

மேடம் ‘யூசர் ஃபீட்பேக் சேகரிக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நேரத்தை எப்படி வைப்பது என்பதில்தான் எங்களுக்குள் முதல் சண்டை வந்தது. டேட்டாபேஸுக்கு நேரம் என்றால் வெறும் கடிகார முள். எட்டு மணி என்று கொடுத்தால் எட்டு மணி என்று வைத்துக்கொள்ளும். எந்த ஊர் எட்டு மணி என்று அது கேட்காது. அது கேட்காத இடத்தில் நாமே ஏதாவது ஒன்றை முன்கூட்டி வைத்துவிட வேண்டும். யாரும் வாயைத் திறக்காவிட்டால் இதுதான் என்று எடுக்கிற அந்த முடிவுக்குத்தான் டிஃபால்ட் என்று பெயர். நாங்கள் இரண்டு பேரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்ததும் அப்படித்தான்.

“ஏசியா கொல்கத்தான்னு வெச்சிடலாம்,” என்றான் ஹர்ஷா.

“காஞ்சிபுரத்துக்குன்னு இல்லையாடா?”

“கம்ப்யூட்டர்ல இந்தியா முழுக்க அந்த ஒரு டைம்ஸோன்தான். கொல்கத்தாவைக் கேட்டுத்தான் நமக்கு விடியும்.”

“அப்போ நியூஜெர்சில செத்தவருக்கு?”

இதில் இரண்டு நாள் ஓடியது. கடைசியில் இறந்த ஊர் எது என்று கேட்பது, கொடுக்கிற நேரத்தை அந்த ஊர் நேரமாக எடுத்துக்கொள்வது, அதை கிரீன்விச் நேரமாக மாற்றி உள்ளே வைப்பது, ஊரை எழுதாமல் விட்டால் காஞ்சிபுரம் என்று கொள்வது என்று ஒப்புக்கொண்டோம். மாற்றுகிற நிரலை நான் எழுதினேன். வெயில் காலத்தில் அமெரிக்காக்காரன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பதைக்கூட அது கணக்கில் எடுத்துக்கொள்ளும். நான் எழுதியதிலேயே பிழை இல்லாத நிரல் அது ஒன்றுதான். தொந்தரவு முழுக்க அதனால்தான் வந்தது.

படிவத்தில் மூன்று கட்டம் வைத்தோம். தேதி, நேரம், ஊர். இதற்கு மேல் எளிமையாக யாராலும் வைக்க முடியாது என்று பெருமைப்பட்டோம்.

முரளீதரன் வாத்தியார் முதலில் நம்பவில்லை. தெருவில் காலமான பழைய ஆட்கள் சிலரின் விவரத்தைப் போடச் சொல்லி, வந்த திதியைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டார். எல்லாம் சரியாக வந்தது. எல்லாரும் காஞ்சிபுரத்திலேயே செத்தவர்கள், வராமல் என்ன செய்யும்? அதற்குப் பிறகு வெளிநாடு என்றால் அவர் பஞ்சாங்கத்தைத் திறப்பதையே விட்டுவிட்டார். “அந்தத் தேசத்துக் கணக்கெல்லாம் கொழந்தைகளுக்குத்தான் தெரியும்,” என்று ஃபோனில் பெருமையாக, எங்கள் காதில் விழும்படி சொல்வார்.

போன வருடம் ஹர்ஷாவின் எதிர்வீட்டு சம்பத் மாமா, பேத்தியைப் பார்க்கப் பிள்ளை வரதன் வீட்டுக்கு நியூஜெர்சி போனார். எடிசன் என்று அந்த ஊருக்குப் பெயர். ஹேமாம்புஜம் மாமி கூடப் போகவில்லை. “வைகாசி கருட சேவையை விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன். நீங்க முன்னாடி போங்கோ, நான் ஆடியில வரேன்,” என்று சொல்லிவிட்டார். மாமா முன்னாடி போனார். ஆனி மாதத்தில் இன்னும் கொஞ்சம் முன்னாடி போய்விட்டார்.

செய்தி ஒரு புதன்கிழமை காலையில் வந்தது. ஓரிக்கையில் இருக்கும் மகள் ஸௌம்யா அக்கா ஓடி வந்தார். வாத்தியாரும் வந்தார். அன்று சாயங்காலம் வாத்தியார் திதி கேட்டபோது, அழுதுகொண்டே படிவத்தை நிரப்பியது அக்காதான். ஆப் ‘ஏகாதசி’ என்றது.

ஏகாதசி என்றால் என்னவென்று எனக்கும் அன்றுதான் தெரியும். அந்தத் தெருவில் அது மரணம் இல்லை, பதவி உயர்வு. ஏகாதசியில் மரணம், துவாதசியில் தகனம் என்று வேண்டிக்கொள்கிறவர்கள் அவர்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் கொஞ்சம் பொறாமையோடு திரும்பிப் போனார்கள். எடிசனில் தகனத்துக்கு முன்பதிவு செய்ய வேண்டும், துவாதசி காலியாக இல்லை. ஏகாதசி என்கிற பாதியை மாமி வாங்கிக்கொண்டார்.

“கூட இருந்து ஒரு வாய் ஜலம் விடக் குடுத்து வெக்கல எனக்கு. ஆனா பெருமாள் அவரை ஏகாதசிக்கு அழைச்சுண்டுட்டார்,” என்பார். பால்காரரிடம் சொன்னார், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் சொன்னார், என்னிடம் நாலு முறை சொன்னார். முதல் வருடம் மட்டும் போனவர் மாசா மாசம் சாப்பிட வருவார், அதற்கு மாசிகம் என்று பெயர்; வரதன் அங்கே வீடியோவில் உட்கார, மாமி வீட்டில் மாசா மாசம் ஏகாதசியில் அது நடந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மாமி வருடத்தை ஓட்டினார்.

இந்த வருடம் முதல் வருஷ சிராத்தம். வரதன் சனிக்கிழமை வந்து சேர்ந்தார். செவ்வாய்க்கிழமை ஏகாதசி, அன்றைக்கு எல்லா ஏற்பாடும் ஆகியிருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஹர்ஷா வீட்டுக்குச் சாக்லேட் பொட்டலத்தோடு வந்து, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தார்.

“அது ஒரு விசித்திரமான சாயங்காலம்ப்பா,” என்றார். “மணி எட்டு. அங்க அந்த மாசத்துல எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆபீஸ்லேர்ந்து வந்து அப்பா பக்கத்துல உக்காந்தேன். ஜன்னலைப் பாத்துட்டு, ‘விடிஞ்சுடுத்தாடா, அம்மா எழுந்துட்டாளா?’ன்னார். இல்லப்பா, இது சாயங்காலம்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள போயிட்டார். அம்மாகிட்ட இதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லிண்டிருக்கேன்.”

“சாயங்காலமா?” என்றான் ஹர்ஷா. “காலைல அஞ்சரைன்னு இல்ல பதிஞ்சிருக்கு?”

“இல்லையே. செவ்வாக்கிழமை சாயங்காலம் எட்டு. எனக்குத் தெரியாதா?”

நானும் ஹர்ஷாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. சாக்லேட் பொட்டலத்தைப் பார்த்தோம்.

எடிசனில் செவ்வாய் இரவு எட்டு என்றால் காஞ்சிபுரத்தில் புதன் விடியற்காலை ஐந்தரை. ஸௌம்யா அக்கா ஐந்தரை என்றுதான் போட்டிருந்தார். ஊர் என்ற கட்டத்தில், அப்பா போன ஊர் என்பதால், எடிசன் என்று போட்டிருந்தார். என்னுடைய பிழையில்லாத நிரல் அதைப் பார்த்தது. ஆகா, எடிசனில் புதன் காலை ஐந்தரை என்று எடுத்துக்கொண்டு இன்னொரு முறை மாற்றியது. இங்கே அது புதன் மத்தியானம் மூன்று மணி ஆகிவிட்டது. அன்று மத்தியானம் வரைக்கும்தான் தசமி, அதற்குப் பிறகு ஏகாதசி.

அதாவது எங்கள் டேட்டாபேஸின்படி, ஹேமாம்புஜம் மாமி புதன்கிழமை காலை ஆறு மணியிலிருந்து அழுகிறார். சம்பத் மாமா அன்று மத்தியானம் மூன்று மணிக்குச் சாகிறார். ஒரு வருடமாக இது எங்களில் யாருக்கும் உறுத்தவில்லை.

மாமா போனது தசமியில். அவர் சாப்பிட வருகிற நாள் திங்கட்கிழமை. இலை போடப்போவதோ செவ்வாய்க்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை காலை வாத்தியாரிடம் சொன்னோம். அவர் பஞ்சாங்கத்தை எடுத்து, போன வருடத்துப் பக்கத்தைப் புரட்டி, விரலை வைத்துப் பார்த்தார். விரலை எடுக்கவே இல்லை.

“அன்னிக்குக் கார்த்தால நான் அந்தாத்துலதான் இருந்தேன்,” என்றார். “தசமின்னு எனக்கே தெரியும். அமெரிக்கான்னதும் வேற மாதிரியா இருக்குமோன்னு விட்டுட்டேன்.”

“நிலா ஒண்ணுதான சார் இருக்குது,” என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

ஹர்ஷா சமாதானமாக ஒன்று சொன்னான். “அப்பா, ஒண்ணும் பண்ண வேண்டாம். மத்ததெல்லாம் சரி பண்ணிடறோம். இந்த ஒரு ரெக்கார்டை மட்டும் அப்படியே விட்டுடறோம். யாருக்குத் தெரியப்போறது?”

வாத்தியார் மறுக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “அவளுக்கு மிச்சம் இருக்கறது அந்த ஒண்ணுதான்,” என்றார். பிறகு மெல்ல, “ஒரு வருஷமா மாசிகம் பூரா தப்பான திதியில பண்ணி வெச்சிருக்கேன்னும் ஆறது.”

“விட்டுடலாம் சார்,” என்றேன். “மாமா நாளைக்கு வந்து பாப்பாரு. இலை இருக்காது. சரி, நாளன்னைக்கு வர்லாம்னு போவாரு. அவருக்கு இன்னா வேல அங்க?”

இதை நான் ஜோக்காகத்தான் சொன்னேன். வகுப்பில் இதைவிட மட்டமான ஜோக்குக்கெல்லாம் சிரிப்பார்கள். வாத்தியார் பஞ்சாங்கத்தை மூடிவிட்டு, உள்ளங்கைகளால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“பசியோட வரவரைத் திருப்பி அனுப்பறதுக்கு வாத்தியார் எதுக்கு?” என்றார். “சொல்லித்தான் ஆகணும்.”

“நீங்க சொல்லுங்கப்பா,” என்றான் ஹர்ஷா.

“நான் சொன்னா அது தோஷம்டா. என்ன பரிகாரம்னு கேப்பா. உன்னைச் சின்ன வயசுலேர்ந்து தூக்கி வளத்தவ, உன்னாலயும் முடியாது.” அவர் பார்வை என் மேல் வந்து நின்றது. “நீ சொல்லுப்பா குரு. நீ சொன்னா சாஃப்ட்வேர் தப்பு. அதுக்கு யாரும் பாவம் பரிகாரம்னு பேச மாட்டா.”

நாலு வருடம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்ததற்கு இப்படி ஒரு பயன் இருக்கிறது என்று வேலைவாய்ப்பு முகாமில் யாரும் சொன்னதில்லை.

எதிர்வீட்டுக்குப் போனேன். மாமி கூடத்தில் உட்கார்ந்து செவ்வாய்க்கிழமைக்கான காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். சிராத்தத்துக்கு ஆகிற காய், ஆகாத காய் என்று அதற்கு ஒரு தனிச் சட்டம் உண்டு. வாழைக்காயும் பாகற்காயும் ஒரு பக்கம். ஸௌம்யா அக்கா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். வரதன் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு அது இரவு.

“வா குரு. காபி சாப்பிடறியா?”

“வேணாம் மாமி. ஒண்ணு சொல்லணும்.”

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் கிரீன்விச்சில் ஆரம்பித்தேன். மாமி பொறுமையாகக் கேட்டார். அவருக்குப் புரியவில்லை. ஆனால் ஸௌம்யா அக்காவின் கையில் முறம் நின்றுவிட்டது.

“இரு இரு,” என்றார் அக்கா. “நான் போட்ட நேரம்தானே? வரதன் எட்டு மணின்னு சொன்னான். நான்தானே நம்ம டைமுக்கு மாத்தி அஞ்சரைன்னு போட்டேன்? அப்பா அங்க போனதுலேர்ந்து என் மண்டைக்குள்ள ரெண்டு கடிகாரம் ஓடிண்டிருந்தது. எட்டுன்னு கேட்டதும் அதுவா மாத்திடுத்து. அது தப்பா?”

“மாத்துனது கரெக்ட்டுதான்க்கா. நாங்களும் மாத்திட்டோம்.”

“நீங்க ஏன்டா மாத்தினேள்?”

“நீங்க மாத்த மாட்டீங்கன்னு நெனச்சோம்.”

“எந்த ஊர் நேரம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமோல்லியோ?”

கேட்டிருக்கலாம். அதற்கு ஒரு வரி போதும். எளிமையாக இருக்கட்டும் என்று வைக்கவில்லை.

அக்கா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மாமி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சுத்தி வளைக்காம சொல்லு. என்ன ஆச்சு?”

“மாமா போனது ஏகாதசி இல்ல மாமி. தசமி.”

கையில் இருந்த பாகற்காயை மாமி கீழே வைக்கவில்லை. அதன் முதுகைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

“நிச்சயமா?”

இந்த இடத்தில் ‘சரியாத் தெரியல மாமி’ என்று ஒரு வாசகம் என் தொண்டைவரைக்கும் வந்தது. நல்ல வாசகம். யாருக்கும் நஷ்டமில்லாதது. தெரியாவிட்டால் இதுதான் என்று ஏற்கெனவே இருப்பதை அப்படியே விட்டுவிடும். ஆனால் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்த பிறகு தெரியாது என்று பதிந்துவைப்பது டிஃபால்ட் இல்லை. அதற்கு வேறு பெயர்.

“நிச்சயம் மாமி. பன்னெண்டு மணிக்கு மேலதான் ஏகாதசி பொறந்திருக்குது. மாமா அதுக்கு முன்னாடியே...”

“முன்னாடியே,” என்றார் மாமி.

தெருவில் யாரோ ஸ்கூட்டரைக் கிளப்ப முயன்றுகொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

“மாசா மாசம் தசமியன்னிக்கு,” என்று மாமி பேச ஆரம்பித்தார், என்னிடம் அல்ல, பாகற்காயிடம், “மறுநாள் மாசிகத்துக்குச் சாமான் வாங்கணும்னு ஆத்தைப் பூட்டிண்டு ஸௌம்யா ஆத்துக்குப் போயிடுவேன். கார்த்தால போனா ராத்திரிதான் வருவேன். ஒரு மாசம் பாக்கியில்லை. பூட்டிண்டுதான் போவேன்.”

ஸௌம்யா அக்கா, “அம்மா,” என்றார்.

“பூட்டின கதவைப் பாத்துட்டுப் போயிருக்கார்,” என்றார் மாமி. “பன்னெண்டு தரம்.”

காலையில் வாத்தியார் வீட்டில் சொன்ன ஜோக் எனக்கு ஞாபகம் வந்தது. அதைச் சொல்ல நான் வாய் திறந்திருக்கவே வேண்டாம்.

மாமி என் பக்கம் திரும்பிக் கேட்டார்: “அவர் போனப்போ இங்க மணி என்ன?”

“காலைல அஞ்சரை மாமி.”

“விடிஞ்சுடுத்தான்னு கேட்டாராம். நான் எழுந்துட்டேனான்னு கேட்டாராம். வரதன் சொன்னான்.”

“ஆமா மாமி. எங்ககிட்டயும் சொன்னாரு.”

“எழுந்துட்டேன்,” என்றார் மாமி.

அது எனக்குச் சொன்ன பதில் இல்லை.

பிறகு அவர் எழுந்து, புடைவையை உதறிக்கொண்டு, குரலை மாற்றிக்கொண்டார். “முரளிகிட்டப் போய்ச் சொல்லு. நாளைக்கே பண்ணணும். அவருக்காக இலையில உக்கார ரெண்டு பேர் கெடைப்பாளா பாக்கச் சொல்லு. ஸௌம்யா, அழுதது போறும், வரதனை எழுப்பு. உளுந்தை இப்பவே நனைக்கணும்.”

வாசல்வரை போன என்னைக் கூப்பிட்டு, “குரு, தெருவுல யாரும் இதைப் பத்திப் பேச வேண்டாம்,” என்றார். கட்டளையாகச் சொல்லவில்லை. கேட்டார்.

அன்று மத்தியானம் முழுக்க ஹர்ஷாவும் நானும் வாத்தியார் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்து ஃபோன் பேசினோம். ஒரு வீட்டில் இப்படி நடந்திருந்தால் மற்ற வெளிநாட்டு வீடுகளில்? ஒவ்வொரு நேரத்தையும் யார் மாற்றினார்கள், யார் மாற்றவில்லை என்று டேட்டாபேஸைப் பார்த்தால் தெரியாது. மாற்றிய ஐந்தரையும் மாற்றாத ஐந்தரையும் உள்ளே போன பிறகு ஒரே முகம். ஆட்களைத்தான் கேட்க வேண்டும்.

மெல்போர்ன்காரர் பெருமையாகச் சொன்னார்: “உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு நாங்களே இந்தியா டைமுக்கு மாத்திட்டோம் தம்பி.” இன்னொரு வீட்டில் அண்ணன் மாற்றி, தம்பிக்குச் சொல்லி, தம்பி இன்னொரு முறை மாற்றியிருந்தார். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அடுத்தவருக்கு வேலை வைக்கக் கூடாது என்று ஆளாளுக்குக் கொஞ்சம் திருத்தியிருந்தார்கள். நேரத்தைக் கேட்டுப் பிரயோஜனமில்லை என்று புரிந்ததும், நான் வேறு மாதிரி கேட்க ஆரம்பித்தேன்: “அப்போ வெளிய வெளிச்சமா இருந்துச்சா, இருட்டா?” இதை மட்டும் யாரும் மாற்றியிருக்கவில்லை. வெளிச்சம், இருட்டு, மழை, சுவரில் ஜன்னல் நிழல் விழுந்தது, எல்லாம் அப்படியே இருந்தது. சிலர் நான் கேட்டதற்கு மேலேயும் சொன்னார்கள். நிறுத்தத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மஸ்கட்டில் இருந்த ஓர் அம்மாவுக்கு மட்டும் எதுவும் நினைவில்லை. “ஆஸ்பத்திரி உள்ளாற எப்பவும் லைட்டு எரிஞ்சிக்கினே இருக்கும் தம்பி. மூணு மணின்னு யாரோ சொன்னாங்க. எந்த மூணுன்னு நான் கேக்கல,” என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வாத்தியாரிடம் கேட்டேன். “ஒண்ணுமே தெரிலன்னா இன்னா சார் பண்றது?”

“தெரியாதவாளுக்கு அமாவாசை,” என்றார். “சாஸ்திரத்துலயே இருக்கு.”

தாமலில் நாங்கள் ரொம்ப நாளாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம் என்று சொல்ல நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

படிவத்தில் நேரத்துக்குக் கீழே ‘இது எந்த ஊர்க் கடிகாரம் காட்டிய நேரம்?’ என்று நாலாவது கட்டம் சேர்த்தோம். யாரும் எழுதாவிட்டால் என்ன வைப்பது என்று ஹர்ஷா கேட்டான். ஒன்றும் வைக்க வேண்டாம், எழுதும்வரை நிற்கட்டும், திதி சொல்ல வேண்டாம் என்றேன். சொன்னதைச் சொன்னபடியே தனியாக வைத்துக்கொண்டு, மாற்றியதை வேறு இடத்தில் வைக்கவும் ஏற்பாடு செய்தோம். சின்ன வேலை, மாலைக்குள் முடிந்துவிட்டது. அவ்வளவு சின்ன வேலையாக இருந்ததுதான் உறுத்தியது.

திங்கட்கிழமை தசமி. சிராத்தம் நடந்தது. நான் வாசலில் இருந்தேன், அதற்கு மேல் எனக்கு அங்கே வேலை இல்லை. மத்தியானம்வரை உள்ளேயிருந்து வாத்தியாரின் குரல் வந்துகொண்டிருந்தது. முடிவில் வருகிற ஒரு மந்திரத்தை அவர் இரண்டு முறை சொன்னதாக ஹர்ஷா பிறகு சொன்னான். மந்திரத்தில் குறை, செயலில் குறை, தெரிந்து செய்தது, தெரியாமல் செய்தது எல்லாவற்றையும் பொறுத்துக்கொள் என்று வருகிற மந்திரம். வழக்கமாக ஒரு முறைதான் சொல்வாராம்.

அன்று மாமி வீட்டுக் கதவு விடியற்காலை முதல் இரவு விளக்கு வைத்த பிறகும் திறந்தே கிடந்தது. ஒருக்களித்துக்கூட வைக்கவில்லை.

மறுநாள் ஏகாதசி. மாமி வழக்கம்போல உபவாசம். வரதன் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நானும் ஹர்ஷாவும், மாமி முதல் நாள் சமையலுக்கு இரவல் வாங்கிய வெண்கலப் பானையை, எங்களால் ஆன பரிகாரமாக, எதிர்வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். அந்த நேரம் பார்த்து மூன்று வீடு தள்ளி இருக்கும் கலாவதி மாமி பூக்கூடையோடு வந்து வாசலில் நின்றார்.

“ஹேமா, இன்னிக்குத்தானே மாமாவுக்கு? வாசல்ல ஒரு சந்தடியும் காணோமே. என்ன பாக்கியம்டி, ஏகாதசி யாருக்குக் கெடைக்கும்!”

நானும் ஹர்ஷாவும் ஆளுக்கொரு காதைப் பிடித்தபடி பானையோடு நின்றோம். இறக்கவும் தோன்றவில்லை, நடக்கவும் தோன்றவில்லை. ‘ஆமாம்’ என்று ஒரு சொல் போதும். அந்தத் தெரு அதைக் கேட்டு ஒரு வருடம் பழகியிருந்தது. கேட்ட கலாவதி மாமியே தலையை ஆட்டி அதற்கு இடம் செய்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஹேமாம்புஜம் மாமி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் பானைக்குள் பார்த்தேன்.

“இல்லை கலா,” என்றார். “நேத்தே வந்துட்டுப் போயிட்டார்.”